உட்பகுதியைக் கழுவுவது கடமையா?

மூதூரிலிருந்து ஒரு சகோதரி பெயர் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறார். ஹைழு நின்றபின், கிருமிநாசினி கலந்த நீரை மர்ம உறுப்பின் உள்ளே பீச்சிக் கழுவினால்தான் குளிப்பு நிறைவேறும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சில மாதங்களாக எரிச்சலும் துர்நாற்றமும். நாற்றம் கூடக் கூட அவரும் கூடுதலாகக் கழுவுகிறார். சுத்தமாகவில்லையோ என்ற சந்தேகத்தில் தொழுகையும் தவறுகிறது.

இதில் எம்மீதும் குறையுண்டு. துறைமுகத்தை அண்டிய எமது மத்ரஸாவில் ஃபத்ஹுல் முஈன் ஓதிக் கொடுக்கும்போது, இவ்விடம் வந்தால் வெட்கத்தில் வேகமாகக் கடந்து விடுவேன். அஸ்மா பின்த் ஷகல் (ரழி) அவர்கள் வெட்கப்படவில்லை. இக்குளிப்பு பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டார்கள். இலந்தை இலையும் நீரும் கொண்டு சுத்தம் செய்து குளித்து, பின்னர் கஸ்தூரி தடவிய துணியால் இரத்தம் பட்ட இடத்தைத் துடைக்குமாறு பதில் கிடைத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உள்ளே நீர் பாய்ச்சுமாறு அதில் இல்லை.

ஷாபிஈ மத்ஹபின்படி, குந்தியிருக்கும்போது வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவதே கடமை. அதற்கப்பால் உள்ளது உட்பகுதி. நோன்பு நேரத்தில் இஸ்தின்ஜாச் செய்யும் விரல் அந்த எல்லையைத் தாண்டினால் நோன்பே முறியும் என ஃபத்ஹுல் முஈன் கூறுகிறது. எனவே சகோதரியின் குளிப்பு எப்போதோ நிறைவேறி விட்டது.

வைத்தியர்கள் கூறுவதும் இதற்கு மாறானதல்ல. உட்பகுதியில் லக்டோபெசிலஸ் என்னும் நன்மை தரும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை லக்டிக் அமிலத்தைச் சுரந்து, அமிலத்தன்மையை 3.8 முதல் 4.5 வரையான பி.எச். அளவில் வைத்து, நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. மணமோ நிறமோ மாறாத வெள்ளைபடுதல் நோயல்ல. உறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்யும் முறை அது. பீச்சும் நீர் இந்தக் காவலாளிகளை அடித்துச் செல்ல, வேறு கிருமிகள் பெருகி மீன் வாடை வீசும். ஏற்கனவே தொற்று இருந்தால் கருப்பைக்கும் பலோப்பியன் குழாய்களுக்கும் ஏறவும் கூடும். குழாய்களில் தழும்பு விழுந்தால் பிள்ளைப்பேறு தடைப்படலாம், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

சகோதரி, கிருமிநாசினிப் போத்தலைத் தரை கழுவ வைத்துக் கொள்ளுங்கள். வெளிப்பகுதிக்கு வெறும் தண்ணீர் போதும். இப்போதுள்ள துர்நாற்றத்துக்கு மருந்து உண்டு. உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொன்னால் சுகவனிதையர் கிளினிக்குக்கு வழிகாட்டுவார். அங்கு போவதற்கு முன் இரண்டு நாட்களுக்காவது உள்ளே கழுவ வேண்டாம், கழுவினால் நோயின் அடையாளம் பரிசோதனையில் அகப்படாது.