வண்டி வாங்கும் முன் இடம் பாருங்கள்



கங்கைகொண்ட சோழபுரம் வட்டாரத்தில் ஐப்பசி என்றால் தீபாவளிச் சரக்கு, பெருவுடையார் அன்னாபிஷேகம் என்று மூட்டைகள் ஓயாத மாதம். சுமை தூக்க ஆள் கிடைப்பதோ அரிது. எனவே பேட்டரி போர்க்லிப்ட் வாங்க மொத்த வியாபாரிகள் யோசிப்பது நியாயமே. ஆனால் வண்டி விலையைப் பேரம் பேசும் நாம், அதை எங்கே, எப்போது சார்ஜ் செய்வது என்று கேட்பதில்லை.

ஈய-அமில பேட்டரியை வேலை ஓய்ந்த இரவில் சுமார் 8 மணி நேரம் முழுதாகச் சார்ஜ் செய்து ஆறவிட வேண்டும். டீ நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ஆயுள் குறையும். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் விடலாகாது. டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகே நிரப்ப வேண்டும். இடைவேளைச் சார்ஜ் லித்தியம் பேட்டரிக்கே பொருந்தும். அதன் விலை அதிகம்.

சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். நம் கிடங்கிலோ கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின்! ஆகவே காற்றோட்டமுள்ள தனி இடம் ஒதுக்குவோம். அங்கே பீடி, சிகரெட்டைத் தடுப்போம். பத்து மூட்டை இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் கிடங்கையே இழக்கலாமா?