பூச்சாண்டியும் மலையும்

ஹல்துமுல்லையை அடுத்த தோட்டமொன்றில், ஐப்பசி மாதத்து மாலைப்பொழுதொன்றில், ஒரு தாய் தன் நான்கு வயது மகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்ததை நாம் காண நேர்ந்தது. காலையில் பெரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் மழையில் நனைந்து கொழுந்து பறித்துத் திரும்பியவள் அத்தாய். குழந்தையோ வாயைத் திறக்க மறுத்தது. பொறுமையிழந்த தாய், "சாப்பிடாட்டி மலை சரிஞ்சு வந்து ஒன்னைய மூடிரும்" என்றாள். மறுகணமே குழந்தை வாயைத் திறந்தது; சோறும் தீர்ந்தது. ஆனால் அன்றிரவு கூரைத் தகரத்தில் மழை இரைந்தபோதெல்லாம் அக்குழந்தை விழித்தெழுந்து அழுததாக, மறுநாள் அத்தாயே நம்மிடம் வருத்தத்துடன் கூறினாள்.

அவளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. பூச்சாண்டியையும் பொலிஸ்காரரையும் காட்டிப் பிள்ளைகளை அடக்குவது நம்மிடையே நெடுங்கால வழக்கம். அவ்வாறு வளராதவர் நம்முள் சிலரே. ஆயினும் பூச்சாண்டி வேறு, மலை வேறு. பூச்சாண்டி ஒருநாளும் வருவதில்லை. மலையோ இப்பகுதியில் வந்திருக்கிறது.

2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் திகதி. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. ஹல்துமுல்லைப் பிரதேசச் செயலாளர் பிரிவைச் சேர்ந்த கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், காலை ஏழரை மணியளவில் மலைச்சரிவு இடிந்து லயன்களை மூடியது. அவ்வேளையில் பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களிற் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் உயிர்களை இழந்தது. ஆகவே, மலையைப் பற்றி இங்குள்ள குழந்தைக்கு நாம் சொல்லும் சொல் விளையாட்டுச் சொல் ஆகாது.

அச்சொல்லால் விளையும் கேடுகள் இரண்டு. இளங்குழந்தைகள், நிகழ்பவை யாவற்றுக்கும் தாமே காரணம் என்று எளிதில் எண்ணிவிடும் இயல்பினர். குறும்பு செய்தால் மலை சரியும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, மலை சரிந்த இடத்தில் மாண்டவர்கள் ஏதோ தவறு செய்தவர்கள் என்று கருதும்; தன் வீட்டில் துன்பம் நேர்ந்தால் பழியைத் தன் மேலேயே சுமந்துகொள்ளும். இது முதற் கேடு. நாள்தோறும் சோற்றுக்கும் உறக்கத்துக்கும் பொய்யச்சம் காட்டினால், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் அதுவும் மற்றொரு பூச்சாண்டியாகவே பிள்ளையின் செவியில் விழும். இது இரண்டாவது. எதற்கு அஞ்ச வேண்டும் என்று அறிந்திருப்பதும் அறிவின் ஒரு கூறே என்பது வள்ளுவர் கருத்து. அவ்வறிவைத் தருவதே பெற்றோர் கடமை.

எவ்வாறு தருவது? "பயப்படாதே" என்று அதட்டுவதால் அச்சம் போகாது, ஒளிந்துகொள்ளும். "உனக்குப் பயமாக இருக்கிறதா? மழை கடுமையாகப் பெய்தால் எனக்கும் பயம் வரும்" என்று தாயோ தந்தையோ கூறினால், தன் நெஞ்சில் படபடப்பது இன்னதென்று குழந்தை அறிந்துகொள்ளும். "மலை நம் வீட்டின் மேலும் விழுமா?" என்று கேட்டால், விழவே விழாது என்று பொய் கூற வேண்டா. "நிறைய மழை பெய்தால் சில இடங்களில் மண் சரியும். அதற்கு முன்னே அடையாளங்கள் தெரியலாம். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். போக வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து போவோம்" என்பதே போதுமான விடை.

பின்னர் அச்சத்துக்கு ஒரு வேலை கொடுத்தல் வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமான தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். காலைதோறும் ஒரே நேரத்தில், அதில் தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிடப் பிள்ளைக்குப் பழக்குங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதற்கட்ட எச்சரிக்கைக்கு உரியது. 100 இரண்டாங்கட்டத்துக்கு உரியது. 150 ஆயின் அபாய இடத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலும் அவ்வாறே. டப்பாவின் அளவு பிள்ளையின் பயிற்சிக்கே. பெரியவர்கள் அதிகாரிகளின் அறிவித்தலைக் கேட்டு நடத்தல் வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவுக்குக் காத்திராமல் விலகுதல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117 என்பதைப் பிள்ளைக்கு எண்ணுப் பாடமாகவே கற்பிக்கலாம்.

ஒரே அழைப்பில் எழுந்து வருதல், செருப்பையும் புத்தகப்பையையும் குறித்த இடத்தில் வைத்தல், தம்பி தங்கையின் கையைப் பற்றி நடத்தல் ஆகிய நற்பழக்கங்களையும் இதனோடு இணைத்துச் சொல்லுங்கள். பழக்கத்தின் காரணத்தை அறிந்த பிள்ளைக்கு மிரட்டல் தேவையில்லை.

துயரைப் பற்றியும் ஒரு சொல். தாயை இழந்த தோழனிடம் என்ன பேசுவது என்று பிள்ளை கேட்டால், "பக்கத்தில் உட்கார், அழுதால் அழ விடு, உன் பலகாரத்தில் பாதி கொடு" என்று கூறுங்கள். ஆண்பிள்ளை அழலாகாது என்ற பேச்சு நம் வீடுகளிலிருந்து அகலட்டும்.

இறுதியாக, பெரியவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மீரியபெத்தையின் ஆபத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எடுத்துரைத்திருந்தது. ஆயினும் அம்மக்கள் குடியேறிப் பாதுகாப்பாய் வாழ மாற்றிடம் ஆயத்தமாகவில்லை. உயிர் தப்பிய குடும்பங்களுக்கென 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016-இலேயே. பிள்ளைகளிடம் வாய்மையை எதிர்பார்க்கும் நாம், அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காலத்தில் நிறைவேற்றுகிறோமா என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாம் கண்ட அத்தாய் இப்பொழுது வாசலில் ஒரு டப்பா வைத்திருக்கிறாள். மகள் காலைதோறும் அதை எட்டிப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சந்தான்" என்று அறிவிக்கிறாளாம். சோறுண்ண இன்னும் அடம் பிடிக்கிறாள் என்பதே தாயின் முறைப்பாடு. அது நாலு வயதுக்கு இயல்பு. இரவில் உறங்குகிறாள், அது போதும்.