ஓடிப் போனவர் போட்ட மெட்டு

போன வாரம் ஊருக்கு போன் போட்டப்போ பேச்சு எப்படியோ அரசியல் பக்கம் திரும்பிடுச்சு. நான் நாலு வார்த்தை சொன்னதுமே மாமா பட்டுனு வெட்டிட்டார். "பாஸ்போர்ட்டையே மாத்திட்ட, இனிமே நாட்டைப் பத்தி உனக்கு என்னடா பேச்சு?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை.

அப்போ ஞாபகத்துக்கு வந்தவர் கலிக்ஸா லவல்லே. யாருன்னு கேக்கறீங்களா? 'ஓ கனடா'வுக்கு மெட்டுப் போட்டவர். குடியுரிமை வாங்கின அன்னிக்கு நானும் எழுந்து நின்னு இந்தப் பாட்டைத்தான் பாடினேன். (பாதி வாயசைப்புதான், வெளியே சொல்லிடாதீங்க.) மெட்டுப் போட்டவரே கனடாவை விட்டுப் போனவர்னு அன்னிக்குத் தெரியாது.

1842ல் கியூபெக்கில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே அமெரிக்கா கிளம்பிட்டார். முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி பண்ணும் மேடைக் குழுக்கள் அங்கே அப்போ ரொம்பப் பிரபலம். அதிலெல்லாம் வேலை பார்த்திருக்கார். அது அவர் வாழ்க்கையில் ஒரு கறை, மறைக்க வேண்டியதில்லை. உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில், ரோட் ஐலண்ட் படைப்பிரிவில் வாத்தியக்காரர். அப்புறம் 1873ல் பாரிஸ் போய் இரண்டு வருஷம் இசைப் படிப்பு.

திரும்பி வந்தவருக்கு ஒரே கனவு. அரசு உதவியோட சொந்த மண்ணில் ஒரு இசைக் கல்லூரி. அலைஞ்சு பார்த்தார், நடக்கலை.

1880ல் கியூபெக் நகரத்தில் பிரெஞ்சுக் கனடியர்களின் பெருவிழா. அதுக்காகத்தான் இந்த மெட்டு. பிரெஞ்சு வரிகள் அடோல்ஃப்-பசீல் ரூத்தியே என்ற நீதிபதியுடையது. ஜூன் 24 அன்னிக்கு முதன்முதலா வாசிச்சாங்க. ஆனா பாட்டு சோறு போடலையே! கொஞ்ச நாளிலேயே மனுஷர் மறுபடி அமெரிக்கா போயிட்டார். பாஸ்டனில் பாடம் சொல்லிக்கொடுத்து, அமெரிக்க இசையாசிரியர்களின் தேசிய சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். 1891ல் அங்கேயே, 48 வயதில் இறந்தார்.

இன்னொரு விஷயம் கேட்டா மாமாவுக்கு மயக்கமே வந்துடும். கனடா அமெரிக்காவோட இணைஞ்சுடணும் என்பதுதான் லவல்லேயின் அரசியல் கருத்து!

நிற்க. இந்த ஆளை 'துரோகி'ன்னு சொல்றது ரொம்ப சுலபம். ஆனா நாடு என்ன செஞ்சது தெரியுமா? 1933ல் அவர் உடலை பாஸ்டனிலிருந்து எடுத்து வந்து மாண்ட்ரியலில் மரியாதையோட அடக்கம் பண்ணினாங்க. 1980 ஜூலை 1ல், மெட்டுக்கு நூறு வயசானப்போ, அதைச் சட்டப்படி தேசிய கீதம் ஆக்கினாங்க. இன்னிக்குப் பாடற ஆங்கில வரிகள் 1908ல் வேறொருத்தர் எழுதினது, பிரெஞ்சின் மொழிபெயர்ப்பு கூட இல்லை. 2018ல் 'மகன்கள்' என்று பொருள்படும் சொல்லை எடுத்துட்டு எல்லாருக்கும் பொதுவா மாத்தினாங்க. வரிகள் மாறிக்கிட்டே இருக்கு. விட்டுட்டுப் போனவரோட மெட்டு மட்டும் அப்படியே இருக்கு.

என்னைக் கேட்டா, ஒருத்தன் எங்கே வாடகை கட்டறான்கிறதை வெச்சு அவன் பாசத்தை அளக்க முடியாது. லவல்லே ஊரை வெறுத்துப் போகலை. கேட்டதை ஊர் கொடுக்கலை, பிழைக்கப் போனார். போறதுக்கு முன்னாடி தன்னால முடிஞ்சதைக் கொடுத்துட்டும் போனார். நம்மில் எத்தனை பேரால அதைச் சொல்ல முடியும்? நானும்தான் என்ன கொடுத்தேன்னு யோசிச்சா கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. மாமா கேட்டதில் அந்தப் பாதி நியாயம்னு ஒத்துக்கறேன்.

ஆனா பேசவே கூடாதுங்கறது மட்டும் ஒத்து வராது மாமா. ஞாயித்துக்கிழமை மறுபடி போன் பண்றேன்.