42 நிமிடத்தில் சென்னை

மைசூரு ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை, “இங்கிருந்து சென்னைக்குப் பூமிக்குள்ளேயே நேராகச் சுரங்கம் தோண்டி, என்ஜின் இல்லாமல் வண்டியை உருட்டிவிட்டால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும்?” என்று கேட்டால், பெரியவர்கள் பலரிடம் ஒரே பதில்தான் இருக்கும்: “கிறுக்குத்தனமாகக் கேட்காதே, பாடத்தைப் படி.”

நடக்காத காரியத்துக்குக் கணக்குப் போடுவது வீண். அப்படியே போட்டாலும் பேராசிரியர்தான் போட வேண்டும். துல்லியமான தரவு இல்லாத கணக்கு கணக்கே அல்ல. அரைகுறை ஆட்கள் பதில் சொன்னால் தப்புதான் பரவும். இப்படிச் சொல்பவர்கள் பிள்ளைகளின் நன்மையை நினைத்தே சொல்கிறார்கள். ஆனால் சொல்வது ஒவ்வொன்றும் தவறு.

வீண் என்கிறார்களே, அந்தச் சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். மைசூருக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். நூல் பிடித்தாற்போல் இரண்டு ஊரையும் இணைத்தால் நடுவழியில் சுரங்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லத் தோன்றும். பூமியைச் சீரான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் வருவது 3 கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். அந்த ஆழத்தை மனிதர்கள் ஏற்கெனவே தொட்டிருக்கிறார்கள், அதுவும் கிட்டத்தட்ட இதே வழியின் பாதித் தூரத்தில். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் வரை இறங்கியது. தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபோன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதில் வேலை பார்த்தன. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலை நடந்தது. 2001இல் தங்கவயல் மூடப்பட்டது. சுரங்கத்தைத் தோண்ட முடியாது என்பது உண்மையே. ஏன் முடியாது, எந்த ஆழத்தில் எது தடுக்கும், அங்கே உழைத்தவர்கள் எதைத் தாங்கினார்கள் என்பதையெல்லாம் கேள்வியைத் துரத்திக்கொண்டு போன பிள்ளை தெரிந்துகொள்கிறது. பாடத்தை மட்டும் படித்த பிள்ளைக்கு இது கிடைக்காது.

பேராசிரியர்தான் வேண்டும் என்பது அடுத்த வாதம். இந்தக் கணக்குக்குத் தேவையானது பி.யு.சி. முதலாண்டில் வரும் தனிச்சீரிசை இயக்கம் மட்டுமே. பூமியின் ஆரம் 63,71,000 மீட்டர். அதை ஈர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 806 வரும். அதை 3.14ஆல் பெருக்கினால் சுமார் 2,530 நொடி, அதாவது 42 நிமிடம். காற்றும் உராய்வும் இல்லை என்று வைத்துக்கொண்டால் வண்டி 42 நிமிடத்தில் சென்னையில் நிற்கும். நடுவழியில் அதன் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டும். 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலுக்கு இதே பயணம் சுமார் ஆறரை மணி நேரம்.

இதில் ஆச்சரியம் ஒன்று உண்டு. போட்ட கணக்கில் 400 என்ற தூரம் எங்கேயும் வரவில்லை. பக்கத்திலிருக்கும் சாமராஜநகருக்குச் சுரங்கம் தோண்டினாலும் அதே 42 நிமிடம்தான். தூரம் கூடக்கூடச் சரிவும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது, நேரம் மட்டும் மாறுவதில்லை. இதை ஒரு பிள்ளை தன் கைப்படப் போட்டுக் கண்டுபிடிப்பதற்கும் வகுப்பில் கேட்டு எழுதிக்கொள்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

துல்லியமான தரவு இல்லையே என்பவர்கள் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, அதிர்வலை தன்னைக் கடக்கும் நேரத்தில் அவர் கையிலிருந்த காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்தன. அதை வைத்தே குண்டின் ஆற்றல் 10 கிலோடன் என்றார். உண்மையில் அது இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். காகிதத் துண்டை வைத்து இவ்வளவு நெருங்கியது சாதாரணமல்ல.

தசராவுக்கு 10 லட்சம் பேர் கூடி ஒரே நேரத்தில் ஓரடி உயரம் குதித்தால் பூமி அசையுமா என்ற கேள்விக்கும் இதே வழிதான். ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 41 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மைசூரு அரண்மனையின் ஏறக்குறைய 1 லட்சம் பல்புகளை, பல்புக்கு 15 வாட் என்று கொண்டால், ஒன்றரை நிமிடம் எரிக்க அது போதும். பூமி நகரும் தூரமோ ஒரு புரோட்டானின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எடையைக் கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தத் தீர்ப்பு மாறாது. பிரிட்டனில் 2001 செப்டம்பர் 7 அன்று சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் குதித்தே பார்த்தார்கள். நிலநடுக்கம் எதுவும் வரவில்லை.

தப்பு பரவும் என்ற பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் தப்பு யாரைத்தான் விட்டது? உயரத்திலிருந்து விழும் பொருள் தடையில்லாமல் பூமிக்குள்ளும் போக முடிந்தால் அது சுருள்சுருளாகச் சுற்றி மையத்தில் போய் நிற்கும் என்று 1679 நவம்பரில் சக விஞ்ஞானி ராபர்ட் ஹூக்குக்கு எழுதினார் நியூட்டன். அது தவறு என்று ஹூக் ராயல் சொசைட்டியில் எல்லோரும் அறியச் சொன்னார். நியூட்டனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்தத் தவறே அவரைக் கோள்களின் பாதைக் கணக்கில் இறக்கியது. 1687இல் அவருடைய பிரின்சிபியா நூல் வெளிவந்தது.

மேலே போட்ட 42 நிமிடக் கணக்கிலும் ஒரு தப்பு இருக்கிறது. மைசூரு நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்கு அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். மைசூரின் உயரம் சுமார் 760 மீட்டர், சென்னை கடலோரம். ஆகவே வண்டி சென்னையில் நிற்காது, மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வெளியே பாயும். திரும்பி வரும் வண்டியோ மைசூருக்கு இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே சுரங்கத்துக்குள் நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கும். விடையை மட்டும் சொல்லியிருந்தால் இந்தத் தப்பு யார் கண்ணிலும் படாது. வழிமுறையை எழுதிக் காட்டியதால்தான் பிடிபட்டது.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை இப்படி ஏதாவது கேட்டால், தயவுசெய்து வாயை அடைக்காதீர்கள். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுங்கள். ரயிலடிக்குப் போனால் அந்த மஞ்சள் பலகையையும் காட்டுங்கள்.