இனிஷியல் இல்லாத 'இ'

ஒரே வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் என்ன செய்வோம்? இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோம். கணினிக்கு புரோகிராம் எழுதும்போதும் இதே கதைதான்.

ஏலகிரிக்குப் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கிறது வைனு பாப்பு வானாய்வகம். 1988-ல் இங்கே ஆர்.ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயரே சூட்டப்பட்டது, எண் 4130.

ஒரு கோள் நாளை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட, அதன் பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். வானியலில் அந்த எண்ணுக்கு 'இ' என்று பெயர். பூமிக்கு அது 0.0167.

கல்லூரி மாணவி ஒருத்தி பைத்தான் மொழியில் இந்தக் கணக்கைப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'இ' 0.0167 என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டாள். பிறகு சைன், காஸ் தேவைப்படவே, 'மேத்' தொகுப்பில் இருப்பதை எல்லாம் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக இறக்கினாள். அதற்குள்ளும் ஒரு 'இ' உண்டு. அதன் மதிப்பு 2.718! புது 'இ' வந்து பழைய 'இ'யின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

விளைவு? சூரியனிலிருந்து பூமி விலகிப் போகும் அதிகபட்ச தூரம் 15.2 கோடி கி.மீ. என்று வருவதற்குப் பதில் 55.6 கோடி கி.மீ. என்று வந்தது. கணினியோ ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.

வர்க்கமூலத்திலும் இதே வம்பு உண்டு. 'மேத்' ஒரு நேரத்தில் ஒரு எண்ணுக்குத்தான் விடை சொல்லும். 'நம்பை' ஒரு பட்டியலுக்கே சேர்த்துச் சொல்லும். இரண்டையும் நட்சத்திரம் போட்டு இறக்கினால், கடைசியில் வந்தவருக்கே நாற்காலி.

இதைத் தவிர்க்க வழி எளிது:

* தொகுப்புகளை எல்லாம் புரோகிராமின் தலையிலேயே அழையுங்கள். பைத்தானுடைய சொந்தத் தொகுப்புகள் முதலில், வெளியிலிருந்து வந்தவை அடுத்து, நீங்கள் எழுதியவை கடைசியில்.

* நட்சத்திரக் குறி வேண்டாம். 'மேத்', 'என்பி' என்று முன்னால் இனிஷியல் இருக்கட்டும்.

* சூத்திரம் நீளமாகி இனிஷியல் கண்ணை உறுத்தினால், தேவையான சைன், காஸ் இரண்டை மட்டும் பெயர் சொல்லி அழையுங்கள்.

பைத்தானின் எழுத்து நெறியான 'பெப் 8' 2001-லிருந்து இருக்கிறது. அது சொல்வதும் இதையேதான்.

ஆறு மாதம் கழித்து அந்த மாணவியே தன் புரோகிராமைத் திறந்து பார்ப்பாள். எந்த 'இ' யாருடையது என்று அப்போது அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது.