அம்மாயி சொல்லும் வரலாறு

நம் கல்லூரியின் கல் பங்களாவைச் சல்லிவன் துரை 1822 இல் கட்டத் தொடங்கினார் என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் இதே மலையில் டான்டீ லைன் வீடுகளில் வாழும் முதியோரின் பழைய வாழ்வைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வோம்?

1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்காக 1968 இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. ஏடுகள் சொல்வது இவ்வளவே.

என் அம்மாயி சொல்வது வேறு. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக் களத்தில் பெயர் பதிவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான்! மாசி பிறந்தால் காமன் கூத்து. ரதியாக வருபவரும் ஆண்தான். பகலெல்லாம் மலையேறிய கால்கள் இரவெல்லாம் ஆடுமாம். தலைமன்னாரில் கப்பலேறியபோது அம்மாயி அம்மிக் குழவியை மட்டும் மூட்டையில் கட்டி வந்தார். அம்மி அங்கேயே நின்றுவிட்டது!

பள்ளியில் 'சிலோன்காரன்' என்று கேலி செய்வார்கள். அப்போது நான் இக்கதைகளை வெறுத்தேன், வெட்கக்கேடு!

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் புதர் வெட்டுகிறோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். ஒரே ஒரு முகாமை முதியோர் பேச்சைப் பதிவு செய்ய ஒதுக்கலாகாதா? கருவிக்குச் செலவில்லை, செல்பேசி எல்லோர் கையிலும் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் காமன் கூத்துப் பாட்டைப் பாடச் சொன்னேன். அம்மாயிக்குப் பாதிதான் நினைவிருந்தது. மீதியை அறிந்த பக்கத்து லைன் தாத்தா ஐப்பசியில் காலமாகிவிட்டார்.