நொய்யலை ஒரே பள்ளத்தாக்காகப் பார்ப்போம்

பின்னலாடை ஆர்டருக்காக ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் திருப்பூருக்கு வரும் வர்த்தகர்கள் கோவையில் விமானம் இறங்கி, கம்பெனியில் சாம்பிள் பார்த்து, விலை பேசி, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். திருப்பூர் ராயபுரத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரையில் நூல் நூற்று, இரும்பு உருக்கி, மணி கோத்த கொடுமணல் இருக்கிறது. அதை அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. நம் பிள்ளைகளுக்கும் காட்டுவதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் வரை நொய்யலை ஒரே பள்ளத்தாக்காகக் கருதி, வரலாறும் உணவும் சேர்ந்த சுற்றுலாவை இங்கே வளர்க்க வேண்டும். ஆற்றை மீட்கவும் அதுவே வலுவான காரணமாக அமையும்.

பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல முன்னுதாரணம். அங்கே கோட்டைகளும் அரண்மனைகளும் நிறைய உண்டு. ஆனால் 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது தனித்தனிக் கட்டடங்களை அல்ல. ஆற்றின் சுமார் 280 கி.மீ. நீளத்தை, கரையிலுள்ள ஊர்கள், திராட்சைத் தோட்டங்களோடு சேர்த்து. அரண்மனை கட்ட வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்த குகைகளில்தான் இன்று ஒயின் பீப்பாய்கள் வைக்கப்படுகின்றன, காளான் வளர்க்கப்படுகிறது. அரண்மனை பார்க்க வருபவர் அந்த மண்ணின் ஒயினைச் சுவைக்கிறார். ஒயினைத் தேடி வருபவர் அரண்மனையையும் பார்க்கிறார். நுழைவுச்சீட்டில் வரும் காசோடு விவசாயியின் வீட்டுக்கும் காசு போகிறது. பட்டியலில் சேர்ந்த ஆற்றுப் பகுதி இரண்டு பிராந்தியங்களில் இருப்பதால், இரண்டும் சேர்ந்து 2002-ல் ஒரு பொது அமைப்பை உருவாக்கிக்கொண்டன.

நம் பள்ளத்தாக்கிலும் மண்ணும் வரலாறும் இப்படித்தான் பின்னிக்கிடக்கின்றன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்லும் ஊர்தான் கொடுமணல் என்பது அறிஞர்கள் கருத்து. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு, எஃகு உருக்கிய உலைகளும், சூதுபவள, பச்சைக்கல் மணிகளும், தமிழ் பிராமியில் ஆட்பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. நடுவே இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. பனியன் நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூர்வீகச் சான்று வேண்டுமா? பச்சைக்கல் கிடைத்த படியூர் காங்கேயம் சாலையிலேயே இருக்கிறது. அதைச் சுற்றிக் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாகக் கொறங்காடு. அதில் மேய்வது காங்கேயம் மாடு. போகிற வழியில் ஊத்துக்குளி வெண்ணெயும், தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயிலும் உண்டு. நகரை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சார் தலமானது. வாழையிலையில் சந்தகை, அரிசி பருப்பு சாதம், கொள்ளுப் பருப்பு, ஒப்புட்டு என்று பரிமாறினால் விருந்தாளிக்கு வேறென்ன குறை?

சாயநீர் ஓடிய ஆற்றைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறி, கீழே உள்ள விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட வேண்டியிருந்தது. அதன்பின் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறையில் இந்த ஊர் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஆனாலும் நகரச் சாக்கடை இன்றும் ஆற்றில்தான் கலக்கிறது. ஆறு சுத்தமாகட்டும், சுற்றுலாவைப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே நடக்காது. தண்டனைக்குப் பயந்து காக்கப்படும் ஆற்றை, கண்காணிப்பு தளர்ந்த அன்றே கைவிட்டுவிடுவார்கள். கரையிலுள்ள ஊர்களுக்கு ஆறே பிழைப்பு என்றால், அந்த ஊர்க்காரர்களே காவல் நிற்பார்கள்.

பிரெஞ்சுக்காரனிடம் ஒயின் இருக்கிறது, இங்கே கள்ளுக்கே 1987 முதல் தடை என்பது இன்னொரு வாதம். கள் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். லுவாரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மதுவை அல்ல; விளைபொருளை ஊர்ப் பெயரோடு சேர்த்துக் காக்கும் பழக்கத்தை. ஈரோடு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது அந்த வழியில்தான். பதநீர், கருப்பட்டி, வெண்ணெய், நாட்டுச் சிறுதானியம் எல்லாவற்றையும் அப்படிக் கொண்டுபோகலாம். ஏற்றுமதி நகரத்துக்குச் சுற்றுலா எதற்கு என்பவர்கள், 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது இந்த ஊர் பட்ட பாட்டை மறந்துவிடக் கூடாது. பின்னலாடை ஈட்டுவதைச் சுற்றுலா ஈட்டாதுதான். ஆனால் கம்பெனிகள் எட்டிப்பார்க்காத ஆற்றங்கரைக் கிராமங்களில் அது வேலை தரும்.

மாநில அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், ஈரோடு மாவட்டத்தில் 22 கோடி ரூபாயில் நொய்யல் அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் ஒற்றைக் கட்டடத்தோடு அது நின்றுவிடக் கூடாது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரு நொய்யல் பள்ளத்தாக்கு ஆணையத்தை அரசு அமைக்க வேண்டும். ஆற்று நீரின் தரம், தொல்லியல் இடங்களின் பாதுகாப்பு, உணவு, தங்குமிடம் எல்லாம் அதன் பொறுப்பில் இருக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அதில் பங்கெடுக்க வேண்டும். அடுத்த முறை வரும் வர்த்தகரைக் கொடுமணலுக்கு அழைத்துச் செல்வதிலிருந்து அவர்கள் தொடங்கட்டும். இந்த ஆற்றால் வளர்ந்த ஊர் அதற்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை இது.